போர்டில் இரண்டு மொழி, வகுப்பில் எது? வேல்ஸ் கிராமத்து இருமொழிப் பள்ளிகள் பற்றி ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேல்ஸின் மேற்குப் பக்கம் ஒரு சிற்றூருக்குக் குடிபோகப் போகிறவர் கேட்கிறார்: "பக்கத்தில் இருக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி வெல்ஷ்–ஆங்கில இருமொழிப் பள்ளி. பாடம் உண்மையில் எந்த மொழியில் நடக்கும்? ஆங்கிலம் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் இந்த ஏற்பாடு எதற்கு? 11 வயதில் போய்ச் சேரும் என் மகள் தடுமாற மாட்டாளா?"

மூன்றும் நியாயமான கேள்விகள்தான். முதல் கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளும். ஏனென்றால் "இருமொழிப் பள்ளி" என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பள்ளிகள் குடியிருக்கின்றன.

2007இல் வேல்ஸ் அரசு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பள்ளிகளை வகை பிரித்தது. உயர்நிலைப் பள்ளிகளில் முழு வெல்ஷ் வழிப் பள்ளி ஒரு முனை, ஏறக்குறைய முழு ஆங்கிலப் பள்ளி மறுமுனை. 2021 வரை இருந்த அந்தப் பட்டியலில், நடுவில் இருமொழிப் பள்ளி மட்டும் நான்கு தினுசு: 2ஏ, 2பி, 2சி, அப்புறம் 2சிஎச். நாலாவது 2டி ஆகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். வெல்ஷ் அரிச்சுவடியில் 'சி'க்கு அடுத்த எழுத்து 'சிஎச்'. அது இரண்டு எழுத்தின் கூட்டு இல்லை, தனி எழுத்து. அரசாங்க அட்டவணைக்குள்ளேயே மொழி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இதில் 2ஏ பள்ளி என்றால், மொழிப் பாடங்களைத் தவிர்த்த பாடங்களில் குறைந்தது 80 சதவீதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வெல்ஷில் மட்டும் நடந்தது. 2பி பள்ளியிலும் 80 சதவீதப் பாடங்கள் வெல்ஷில் கிடைத்தன, ஆனால் அதே பாடங்கள் ஆங்கிலத்திலும் கிடைத்தன. 2சியில் வெல்ஷில் கிடைத்தது 50 முதல் 79 சதவீதம். 2சிஎச்சில் எல்லா வகுப்பிலும் இரண்டு மொழியும் கலந்து வந்தன. 2ஏவுக்கும் 2பிக்கும் காகிதத்தில் இருந்த வித்தியாசம் "ஆங்கிலத்திலும்" என்ற ஒரே சொல். பிள்ளையின் ஏழு வருடப் பள்ளி வாழ்க்கையில் அந்த ஒரு சொல் போடும் வித்தியாசம் மிகப் பெரியது.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராமப்புறப் பள்ளியில் ஏழாம் ஆண்டில் (11 வயதில் சேரும் வகுப்பு) 60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் வெல்ஷ் பிரிவு, 35 பேர் ஆங்கிலப் பிரிவு. வரலாறு, புவியியல், கணிதம் எல்லாம் இரண்டு தடவை, இரண்டு வகுப்பில் நடத்தியாக வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கான பணம் பெரும்பாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகிறது, மொழிகளின் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. கீழ் வகுப்புகளில் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். மேலே போகப் போக, இயற்பியல் எடுத்தவர்கள் மொத்தமே எட்டுப் பேர், ஆசிரியர் ஒருவர் என்று ஆகும்போது இரண்டு பிரிவும் ஒரே அறையில் உட்கார்ந்துவிடும். அந்த அறையில் என்ன மொழி பேசப்படும்? வெல்ஷ் தெரிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆங்கிலப் பிரிவுப் பிள்ளைகள் பலருக்கு வெல்ஷ் தெரியாது. யாரும் திட்டம் போடவில்லை, யாரும் தடை செய்யவில்லை, ஆனாலும் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருவருக்குப் புரியாவிட்டால் எல்லோரும் மாறிக்கொள்வது மரியாதை அல்லவா? அந்த மரியாதைதான் இங்கே மொழியைத் தின்கிறது.

இருமொழி என்றால் இரண்டுக்கும் சம இடம் என்று நாம் நினைக்கிறோம். ஒரு மொழி எல்லோருக்கும் தெரிந்து, இன்னொன்று பாதிப் பேருக்குத்தான் தெரியும் என்றால் சம இடம் கொடுப்பது சமமாக முடியாது. வேல்ஸில் பல வெல்ஷ் ஆர்வலர்கள் "இருமொழி" என்ற சொல்லையே சந்தேகமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் ஊரில் ஒரே பள்ளிதான் இருக்க முடியும் என்னும்போது அந்தப் பள்ளி எல்லோருக்குமாக இருந்தாக வேண்டும் என்பதும் உண்மை. நகரத்தில் இந்தத் தலைவலி இல்லை. கார்டிஃபில் வெல்ஷ் வழிப் பள்ளி ஒரு தெருவில், ஆங்கிலப் பள்ளி இன்னொரு தெருவில். பெற்றோர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மலைக்கு அந்தப்புறம் அடுத்த பள்ளி 20 மைல் என்றால், தேர்வு பள்ளிக்கு வெளியே நடக்காமல் பள்ளிக்குள்ளேயே நடக்கிறது.

இரண்டு மொழியையும் ஒரே அறையில் வைத்து உருப்படியாக ஒன்று செய்ய முடியுமா என்று யோசித்தவர்களும் உண்டு. பாங்கர் பல்கலைக்கழகத்தின் கென் வில்லியம்ஸ் 1994இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் ஒரு வகுப்பறை முறைக்கு 'ட்ரவுஸ்யெய்த்தி' என்று பெயர் வைத்தார். ஒரு மொழியில் உள்ளே வாங்குவது, இன்னொரு மொழியில் வெளியே கொடுப்பது. ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையை வாசிக்க வைப்பார்கள், வெல்ஷில் விவாதித்து வெல்ஷில் எழுதச் சொல்வார்கள். அப்படியே பார்த்து எழுத வழியில்லை. புரிந்தால்தான் எழுத வரும். இரண்டில் பலவீனமான மொழிக்கும் பயிற்சி கிடைக்கும். இந்தச் சொல்லைத்தான் பின்னால் கல்வி ஆய்வாளர் கொலின் பேக்கர் 'டிரான்ஸ்லாங்வேஜிங்' என்று ஆங்கிலப்படுத்தினார். இன்று நியூயார்க்கிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை கல்வித்துறை ஆட்கள் வாய் ஓயாமல் சொல்லும் வார்த்தை அது. பிறந்த இடம் வடக்கு வேல்ஸ் வகுப்பறைகள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. பயணத்தில் பொருளும் மாறிவிட்டது. இப்போது வகுப்பில் மொழி கலந்து பேசினாலே அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். வில்லியம்ஸ் சொன்னது திட்டமிட்ட வேலை. எந்த மொழி உள்ளே, எந்த மொழி வெளியே என்று ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் இந்த வார்த்தை காதில் விழுந்தால், வெளியே கொடுப்பது எந்த மொழியில் என்று கேளுங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

அறிவியல், கணிதம் எல்லாம் வெல்ஷில் எப்படி என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். கலைச்சொல் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்த கதை. பள்ளிகளுக்கென்று 'டெர்மியாதிர்' என்ற தரப்படுத்தப்பட்ட கலைச்சொல் அகராதியைப் பாங்கரில் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கருத்துக்கு ஒரு பள்ளியில் ஒரு சொல், இன்னொரு பள்ளியில் வேறு சொல் என்ற நிலை அதனால் குறைந்தது. தேர்வு வாரியம் ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) வினாத்தாளை இரண்டு மொழியிலும் தருகிறது. எண்களில்தான் ஒரு வேடிக்கை. பழைய வெல்ஷ் எண்ணிக்கை இருபது இருபதாகப் போவது. 99 என்பது ஏறக்குறைய 'பதினைந்தின் மேல் நாலும், நாலு இருபதும்'. பள்ளிக் கணக்கில் இதை ஓரமாக வைத்துவிட்டு 'ஒன்பது பத்து ஒன்பது' என்ற நேரான முறையைச் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தின் 'லெவன், ட்வெல்வ்' போன்ற தனிச்சொற்கள் அதில் இல்லாததால் சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் சுலபம். மணி கேட்டால் மட்டும் பழைய முறை எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இந்த ஏற்பாடு எதற்கு என்று.

1846இல் லண்டன் அரசு வேல்ஸின் கல்வி நிலையை ஆராய மூன்று கமிஷனர்களை அனுப்பியது. மூவருக்கும் வெல்ஷ் தெரியாது. வெல்ஷ் மட்டுமே பேசிய பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுவிட்டு, மொழிதான் முன்னேற்றத்துக்குத் தடை என்றும் ஜனங்களின் ஒழுக்கமும் சரியில்லை என்றும் எழுதினார்கள். 1847இல் நீல அட்டை போட்டு வந்த அந்த அறிக்கைக்கு வேல்ஸில் இன்றுவரை பெயர் 'நீலப் புத்தகத் துரோகம்'. அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யார் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது போகும். பாலா ஊருக்கு அருகே லானிவ்க்லின் கிராமத்தில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்ட சிறுவன் ஓ. எம். எட்வர்ட்ஸ் 1907இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் ஆனார். அவர் மகன் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் 1922இல் 'உர்த்' என்ற இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார். 1939இல் அபெரிஸ்ட்வித்தில் ஏழு பிள்ளைகளோடு முதல் வெல்ஷ் வழி ஆரம்பப் பள்ளியையும் திறந்தார்.

உயர்நிலைக் கல்வியின் கதை வேறு மாதிரி. 1889 கல்விச் சட்டத்துக்குப் பிறகு சந்தை கூடும் சிற்றூர்களில் எல்லாம் கவுண்டி (மாவட்ட) உயர்நிலைப் பள்ளிகள் எழுந்தன. உதாரணமாக, ட்ரெகாரன் என்ற ஊரின் பள்ளி 1897. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு முதல் தடவையாக மேல்படிப்பு வாசல் திறந்தது, நல்ல விஷயம். ஆனால் அந்த வாசலில் எழுதியிருந்தது ஆங்கிலம். வீட்டில் வெல்ஷ், சர்ச்சில் வெல்ஷ், விளையாட்டு மைதானத்தில் வெல்ஷ், பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் பல இடங்களில் வெல்ஷ்தான் தாய்மொழி. மணி அடித்ததும் இரு தரப்பும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். இது ஒன்றிரண்டு வருடம் இல்லை, தலைமுறைகளாக நடந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த முரண். முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி, அஸ்கோல் க்ளான் க்ளூயிட், 1956இல் எங்கே வந்தது தெரியுமா? ரில் நகரத்தில். ஆங்கிலேயச் சுற்றுலாப் பயணிகள் குவியும் கடற்கரை ஊர் அது. அடுத்து 1961இல் இங்கிலாந்து எல்லையோர மோல்டு, 1962இல் தெற்கு நிலக்கரிப் பகுதியின் பொன்டிப்ரித். எல்லாம் மொழி தேய்ந்துபோன இடங்கள். இழந்தவர்கள்தான் முதலில் கேட்டார்கள். மொழி தெருவில் ஓடிக்கொண்டிருந்த கிராமப்புறங்களில் "இங்கே எதற்கு, எல்லோரும் பேசத்தானே செய்கிறோம்" என்று இருந்துவிட்டார்கள். 1960களிலும் 70களிலும் இங்கிலாந்திலிருந்து மக்கள் கிராமங்களுக்குக் குடிவரத் தொடங்கினார்கள், உள்ளூர் இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினார்கள். வகுப்பறையின் மொழிக் கணக்கு மாறிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். அபெரிஸ்ட்வித்தில் பென்வெதிக் பள்ளி 1973இல் வந்தது. பெம்ப்ரோக்ஷயரின் மலையடிவாரக் கிராமமான கிரமிக்கில் 1958 முதல் இருந்த ப்ரெசெலி பள்ளி 1991இல்தான் வெல்ஷ் வழிக்கு மாறியது. அந்த மாற்றங்கள் சும்மா நடக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் மேல் மொழியைத் திணிக்கிறார்கள் என்று அந்த வட்டாரப் பெற்றோர் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் சத்தம் இன்றும் முழுதாக அடங்கவில்லை.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1901 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் பாதிப் பேருக்கு வெல்ஷ் தெரியும். 2021இல் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். க்வினெத் மாவட்டத்தில் இன்னும் 64.4 சதவீதம் இருக்கிறது. கெரெடிகியான் மாவட்டத்தில் 2011இல் 47.3 ஆக இருந்தது 45.3 ஆனது. 2050க்குள் பத்து லட்சம் பேர் என்பது அரசின் இலக்கு. வீட்டில் பேசாத குடும்பங்களிலிருந்துதான் அந்தப் பேச்சாளர்களில் பெரும்பாலோர் வர வேண்டும். அவர்களை உருவாக்கும் இடம் பள்ளி. எல்லாப் பள்ளியிலும் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம்தான், ஆனால் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடமாகப் படித்து யாரும் பேசக் கற்றுக்கொள்வதில்லை. அரசு அமைத்த குழுவே 2013இல் இரண்டாம் மொழி வெல்ஷ் கற்பித்தல் கைவிட்டுப்போகும் கட்டத்தில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. கணிதத்தையும் வரலாற்றையும் அந்த மொழியில் படித்தால்தான் மொழி உள்ளே இறங்குகிறது.

"இதனால் பிழைப்புக்கு என்ன லாபம்" என்று கேட்டால், உள்ளூரில் நிறையவே. க்வினெத் கவுன்சிலின் உள் நிர்வாக மொழியே வெல்ஷ். மருத்துவமனை வரவேற்பாளர், சமூகப் பணியாளர், ஆசிரியர் என்று எத்தனையோ பணிகளில் இரு மொழியும் கேட்கிறார்கள். விவசாயத்துறையில் இருப்பவர்களில் வெல்ஷ் பேசுவோர் வேறெந்தத் துறையையும் விட அதிகம். கால்நடை மருத்துவர் ஆகி அங்கேயே தொழில் செய்ய நினைக்கும் பெண்ணுக்கு அது அலங்காரம் இல்லை, தொழில் மொழி.

கிராமப்புறத்தில் பள்ளி என்பது பாடம் நடத்தும் கட்டடம் மட்டும் இல்லை. மார்ச் 1, புனித டேவிட் நாளையொட்டி பள்ளியில் நடக்கும் 'எய்ஸ்டெத்வாட்' என்ற கலை இலக்கியப் போட்டியில் கவிதைக்கு நாற்காலி கொடுத்துக் கௌரவிப்பதைப் பார்க்க வேண்டும். 14 வயதுப் பிள்ளை எழுதிய கவிதைக்கு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். உர்த் போட்டிக்கான பாட்டுப் பயிற்சி, இளம் விவசாயிகள் சங்கத்தின் நாடக ஒத்திகை, தன்னார்வலர்கள் நடத்தும் வட்டாரப் பத்திரிகைக்குச் செய்தி எல்லாம் பள்ளியைச் சுற்றித்தான் ஓடும். அதனால்தான் ஒரு பள்ளியை மூடப் போகிறார்கள் என்றால் ஊரே கூடிவிடுகிறது.

மூடும் பயம் நிஜமானது. பிள்ளைகள் குறைகிறார்கள். கவுன்சில்கள் கண்டுபிடித்த வழி, 3 வயதிலிருந்து 16 அல்லது 19 வரை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது. லாண்டிசிலில் 2016இல் திறந்த ப்ரோ டைவி, பாலாவில் 2019இல் வந்த கோத்ரெர் பெர்வின் எல்லாம் அந்த வகை. ட்ரெகாரனிலும் பழைய கவுண்டி பள்ளி அப்படித்தான் மாறி, ஊர்ச் சதுக்கத்தில் சிலையாக நிற்கும் 19ஆம் நூற்றாண்டு சமாதானப் போராளி ஹென்றி ரிச்சர்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆரம்பப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை 11 வயதில் மொழியை மாற்றிக்கொள்வதும் குறையும். பதிலுக்கு, சுற்றியுள்ள சின்னக் கிராமங்கள் தங்கள் பள்ளியை இழக்கின்றன. மேல்நிலை வகுப்புகளுக்கு 2018இல் கெரெடிகியானில் 'இ-ஸ்கோல்' என்ற ஏற்பாடு வந்தது. ஒரு பள்ளியில் இரண்டு பேர், இன்னொன்றில் மூன்று பேர் எடுத்த பாடத்தை ஓர் ஆசிரியர் இணையம் வழியே நேரலையில் நடத்துவார். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பார்த்துச் செய்தது. கொரோனா வருவதற்கு முன்பே அவர்களுக்கு அது பழகியிருந்தது.

சரி, உங்கள் மகள்.

அவள் சேரும் பள்ளியில் இரண்டு பிரிவு இருந்தால் பெரும்பாலும் ஆங்கிலப் பிரிவில் போட்டு, வெல்ஷைப் பாடமாகக் கொடுப்பார்கள். படிப்பு தடுமாறாது. ஆனால் ஊரில் பாதிப் பேச்சு அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். வெல்ஷ் பிரிவில் சேர்க்க வேண்டுமானால், 'ட்ரோஹி' வகுப்பு உண்டா என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு முக்கி எடுப்பது என்று பொருள். க்வினெத்தில் 1980களிலிருந்தே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி மையங்கள் நடத்துகிறார்கள். சில வாரங்கள் அங்கேயே வெல்ஷில் முக்கி எடுத்து, பிறகு பள்ளிக்கு அனுப்புவார்கள். இப்போது வேறு மாவட்டங்களிலும் உண்டு. 7 வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டு மாதிரி. 11 வயதில் கொஞ்சம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். 'பூனை' என்ற சொல்லின் முதல் எழுத்தே 'என் பூனை', 'அவன் பூனை', 'அவள் பூனை' என்று ஒவ்வொன்றுக்கும் மாறும் மொழி அது. ஆனால் இரண்டு மூன்று மொழிக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு மொழி வந்து பயமுறுத்துவது குறைவு. வாய்ப்பு இருந்தால் நான் முக்கி எடுக்கவே சொல்வேன். ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வெல்ஷ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில ஜிசிஎஸ்இ எழுதுகிறார்கள், டிவியும் போனும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களும் இரு மொழியில் வரும்.

வகைப் பெயர்களை இப்போது மனப்பாடம் செய்யாதீர்கள். 2021இல் ஒரு முறை மாற்றினார்கள். 2025இல் வந்த சட்டம் இனிப் பள்ளிகளை மூன்றே வகையாக்கும்: முதன்மையாக வெல்ஷ், இருமொழி, முதன்மையாக ஆங்கிலம் ஓரளவு வெல்ஷ். கடைசி வகையிலும் குறைந்தது 10 சதவீதக் கல்வி வெல்ஷில் இருக்க வேண்டும். பெயர் எதுவானாலும் பள்ளியைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்பதாம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் எந்த மொழியில், அதை எத்தனை பிள்ளைகள் எடுக்கிறார்கள்? பத்தாம் ஆண்டில் தேர்வுப் பாடம் தொடங்கும்போது அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது? ஆசிரியர் அறையில் அவர்களுக்குள் என்ன மொழி பேசிக்கொள்கிறார்கள்?

நாலாவதை யாரிடமும் கேட்க வேண்டாம். மூன்று மைலுக்கு மேல் தூரம் என்றால் பஸ் இலவசம், மலைப்பாதையில் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் அதில்தான் பிள்ளைகள் இருப்பார்கள், ஆசிரியர் கண்ணில் படாமல். மாலை மூன்றரை மணி சுமாருக்குப் பள்ளி வாசலில் நின்று, அந்தப் பஸ்ஸில் ஏறும் பெரிய பிள்ளைகள் என்ன மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.